நீக்கிய கோச்சுக்கு ஒரு நாற்காலி

செயலாளர் அந்த மாலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் பிளம் கேக் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. காரணமில்லாமல் கேக்கோடு வருகிறவரை நான் நம்புவதில்லை. உட்காரச் சொன்னேன், காபி கொடுத்தேன், ஆனால் உள்ளே போகாமல் கதவோரமாகவே நின்றுகொண்டேன்.

அவரும் என் கணவரும் இளவயதில் ஒரே அணியில் ஆடியவர்கள். இப்போது அவர் எங்கள் பகுதிக் கால்பந்து கிளப்பின் செயலாளர், என் கணவர் அதன் தலைமைக் கோச். பெங்களூரின் ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் பிறந்து வளர்ந்த ஆட்கள்தான் அந்த அணியில் ஆடினார்கள். ஒருவர் மொபைல் கடையில் இருப்பார், இன்னொருவர் பேங்கில் இருப்பார், காலையில் மைதானத்துக்கு வந்து பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். அந்த ஆண்டு லீகில் தோல்விமேல் தோல்வி. கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் வந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதே மச்சி," என்றார் செயலாளர். "கமிட்டில எல்லாரும் பேசி முடிவு பண்ட்டாங்க. புது ஆளு ஒருத்தர் வேணும்ங்கறாங்க. லைசென்ஸ் கீற கோச்சு, லேப்டாப் எல்லாம் வெச்சினு கீறாரு. நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும் சொல்லு."

என் கணவர் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி," என்றார். அவ்வளவுதான். அத்தனை வருஷத்துக்கு ஒரு "சரி."

"ஆனா உன்ன வுட்டுட மாட்டோம்," என்று செயலாளர் அவசரமாகச் சொன்னார். "டீமோடவே இரு. மூத்த ஆலோசகர்னு போட்டுக்கறோம். திடீர்னு நீ இல்லன்னா பசங்களுக்கும் பேஜாராயிடும்."

நான் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளியிலும் மூத்த ஆலோசகர்கள் இருந்ததுண்டு. யாரும் ஆலோசனை கேட்காமல் இருப்பதற்காக வைத்திருக்கும் பதவி அது. பள்ளி ஆண்டு விழாவில் அவர்களுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுவார்கள், ஒரு சால்வை போர்த்துவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

செயலாளர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளினவங்க வீட்டுத் திண்ணையில போய் உக்காரப் போறீங்களா? நாளைக்கே போய் முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க. ரிட்டயர் ஆனவர் மாதிரி வீட்ல இருங்க. ரெண்டு வேளை நிம்மதியா சாப்பிடுங்க."

"இன்னும் கொஞ்சம் ஆட்டம்தான் பாக்கி," என்றார். "இப்ப விட்டுட்டுப் போனா டீம் இறங்கிடும்."

"இறங்கட்டுமே! இறக்கினது அவங்க. உங்கள நீக்கினவங்களுக்கு இல்லாத கவலை உங்களுக்கு எதுக்கு?"

"அவங்க ஆடல. பசங்க ஆடறாங்க."

இதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் நான் சத்தம் போடுகிறவள், அவர் சத்தமில்லாமல் தான் நினைத்ததைச் செய்கிறவர். அந்தக் கேக்கை நான் வெட்டவில்லை. மறுநாள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் வைத்துவிட்டேன். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அவருடைய தொப்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும் சாதாரண வெள்ளைத் துணித் தொப்பிதான். எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் பஸ் போகும் சாலை. ரயில் போகும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதோடு இவருக்குத் தொண்டையில் ஒருமுறை ஆபரேஷன் ஆனதிலிருந்து கத்தவும் முடியாது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தொப்பி தலையில் இருந்தால், பின்னால் நின்று தடுத்து ஆடும் நான்கு பேரும் நடு மைதானத்தை நோக்கி மேலே ஏறி நிற்க வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தால், நால்வரும் சட்டென்று தங்கள் கோல் பக்கம் இறங்கிவிட வேண்டும். புதிதாக யார் வந்தாலும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். போகப்போக அவர்கள் தொப்பியைப் பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பார்ப்பார்கள். நாம் சிக்னல் விளக்கைப் பார்ப்பது போல.

மைதானத்தை ஒட்டிய அந்தச் சாலைதான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலையும். சவ வண்டி போனால் சாலையோரம் நிற்கிற எங்கள் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிவார்கள். இங்கே வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் காலத்திலிருந்து வருகிற பழக்கம். மாதாவுக்கு வணக்கம் செலுத்தாதவன்கூட இதைச் செய்வான். என் கணவர் மட்டும் ஆட்டம் நடக்கும்போது செய்யமாட்டார். சிலுவைக்குறி போட்டுக்கொள்வார், தொப்பி தலையிலேயே இருக்கும். ஒருமுறை என் பெரியப்பாவின் சவப்பெட்டியே அந்த வழியாகப் போனது. இவர் தொப்பியைத் தொடவில்லை. எங்கள் வீட்டார் அதை வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டினார்கள். "கோச்சா நிக்கும்போது என் தலை என்னோடது இல்ல," என்று அவர் சொன்ன பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

புதுக் கோச் கோயம்புத்தூர்க்காரர். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. வார நாளில் விடியற்காலையில் பைக்கில் கிளம்பி ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவார், பயிற்சி கொடுத்துவிட்டு அதே வழியாக வேலைக்குத் திரும்புவார். பெங்களூர் டிராஃபிக்கில் இதைச் செய்கிறவனுக்குக் கால்பந்துமேல் ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவரைத் திட்ட வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். முதல் நாளே வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க எடத்தப் புடிக்கோணும்னு நான் வரலீங்க," என்றார். என் கோபத்துக்கு நல்ல ஆள் கிடைக்காமல் போய்விட்டது.

முதல் பயிற்சி நாளில் அவர் தன் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே என் கணவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாராம். இவர் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் எதிர்ப் பக்கம், சாலையோரக் கேட்டுக்குப் போய்விட்டார். புதியவர் கண்ணில் தான் படக்கூடாது என்பது அவர் எண்ணம். யாராவது தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்தால்கூட ஆட்டத்தைப் பற்றிப் பேசமாட்டார். முட்டி எப்படி இருக்கிறது, வீட்டில் எப்படி இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தன் கையால் வளர்த்த அணியை வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு பிழைப்பா? ஆனால் வாரங்கள் போகப்போக நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர் முகம் தெளிந்தது. தோற்ற நாட்களில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பவர், இப்போது பேசிக்கொண்டே சாப்பிட்டார். "அந்தத் தம்பி நல்லா சொல்லித்தர்றான். நான் விட்டத அவன் புடிக்கறான்," என்றார் ஒருநாள். புதியவரும் போனில் கூப்பிடுவார். யாருக்கு இரவு வேலை, யாரைத் திட்டினால் சுருண்டுவிடுவான், யாரைத் திட்டினால்தான் ஓடுவான் என்று கேட்பார். இவர் சொல்வார். அணி இரண்டு ஆட்டம் ஜெயித்தது, ஒன்றை டிரா செய்தது. அவர் கூடவே இருந்தது நல்லதுதான் போலிருக்கிறது, நான்தான் மரியாதை மரியாதை என்று குதித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு சுலபத்தில் நான் ஒப்புக்கொள்கிறவள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு ஞானஸ்நான விருந்து இருந்தது. நான் பூசை முடிந்து ஸ்கூட்டரில் நேராக மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் முடிந்ததும் அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கேட்டருகே அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். "இன்னும் கொஞ்ச நேரம்தான்," என்றார் திரும்பாமல். "டிரா ஆனாலே போதும், இறங்கமாட்டோம். தாங்கிடுவாங்க."

இரண்டு பக்கமும் கோல் சமம். எதிரணி முட்டி மோதிக்கொண்டிருந்தது. எனக்கு ஆட்டத்தின் நுணுக்கம் எதுவும் தெரியாது, ஆனால் எங்கள் ஆட்கள் நடு மைதானத்துக்கு அருகே வரிசையாக ஏறி நின்று பந்தை வரவிடாமல் செய்துகொண்டிருந்தது எனக்கே புரிந்தது. நடுவில் நின்ற கேப்டன் கையைக் காட்டி மற்றவர்களை இழுத்துக்கொண்டிருந்தான். மொபைல் கடையில் வேலை செய்பவன் அவன்தான். மீசை முளைக்காத காலத்திலிருந்து என் கணவரிடம் ஆடியவன். எங்கள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கில்லை.

அப்போது சாலையில் பஸ்கள் ஒதுங்கின. சவ வண்டி ஒன்று மெதுவாக வந்தது. கண்ணாடி வழியாகப் பெட்டியும் மாலைகளும் தெரிந்தன. பின்னால் ஒரு பெண்மணி இரண்டு பேர் தோளில் சாய்ந்தபடி நடந்து வந்தாள். நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். என் கணவர் எழுந்தார். சாலைப் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, தலைகுனிந்து நின்றார். அவர் இப்போது கோச் இல்லையே. சாலையோரம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் ஒரு மனிதர். மற்ற எல்லாரையும் போல அவரும் ஒரு சாவுக்குத் தலைவணங்கலாம் என்று நினைத்துவிட்டார்.

வேலியோரம் நின்றவர்களில் யாரோ, "யாக்கோ ஹிந்தே ஹோக்தாவரே?" என்று கன்னடத்தில் கத்தினார். ஏன் பின்னால் போகிறார்கள் என்று. நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் நால்வரும் ஒரே ஆளைப் போல ஓடித் தங்கள் கோல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடந்தது. எதிரணியின் ஆள் ஒருவன் பந்தோடு நிம்மதியாக நடந்து வராத குறைதான். நின்று, பார்த்து, அடித்தான். கோல்.

எதிர்ப் பக்கத்தில் புதுக் கோச் தலையில் கை வைத்துக்கொண்டு, "யாரு எறங்கச் சொன்னது? யாருடா சொன்னது?" என்று கத்திக்கொண்டிருந்தார். கேப்டன் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் விரித்து இந்தப் பக்கம், கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் கணவர் குனிந்து தன் நெஞ்சில் இருந்த தொப்பியைப் பார்த்தார். "ஐயோ," என்றார். அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் அவரிடம் கேட்டதில்லை. அவருடைய அம்மா இறந்தபோதுகூட.

அதற்குள் சவ வண்டி வளைவில் திரும்பிப் போய்விட்டது. சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்தது. தோற்றோம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று வெளியாள் சொல்லலாம். செயலாளருக்கு அந்தத் தொப்பியின் அர்த்தம் தெரியும். அவர் மைதானத்தைக் குறுக்கே கடந்து நேராக எங்களிடம் வந்தார்.

"வேலைய காட்டிட்ட இல்ல?" என்றார். "நீக்கினதுக்கு வஞ்சம் தீத்துக்கினயா? இதுக்குத்தான் கூடவே இருந்தியா?"

"போன வண்டியப் பாத்தீங்களா இல்லையா?" என்று நான் கத்தினேன். "செத்தவங்களுக்குத் தொப்பி எடுத்தாரு. கண்ணு எங்க இருந்தது உங்களுக்கு?"

"எந்த வண்டி?" என்றார் அவர். நிஜமாகவே அவர் பார்த்திருக்கவில்லை. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் சாலையைப் பார்க்கவில்லை. என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "வா. விருந்துக்கு நேரமாச்சு," என்றார். ஆனால் விருந்துக்குப் போகவில்லை. கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் சாயங்காலத்துக்குள் எல்லாரும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். கிழவன் குழி பறித்துவிட்டான் என்று ஒருவர். கூடவே வைத்திருந்தது தப்பு என்று இன்னொருவர். எங்கள் கல்யாணத்தில் சாப்பிட்ட ஆட்களும் அதில் இருந்தார்கள். அவர் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் மாலை புதுக் கோச் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. "நடந்தது என்னன்னு கேப்டன் சொன்னானுங்க," என்றார். "நாலு பேரையும் தனித்தனியா கேட்டனுங்க. ஏன் எறங்கினோம்னு அவங்களுக்கே தெரியலீங்க. கால் தானா போச்சுன்னு சொல்றாங்க."

"வண்டி போச்சு தம்பி," என்றார் என் கணவர். "தொப்பிய எடுத்தேன். நான் கோச் இல்லங்கற நெனப்புல எடுத்தேன்."

"நம்பறனுங்க சார். நம்பாம இங்க வருவனா? கடைசி ஆட்டம் ஒண்ணு இருக்குதுங்க. அதுல டிரா பண்ணினாலும் தப்பிச்சுக்கலாம். நீங்க இருக்கோணும் சார். பசங்க இடிஞ்சு போய் கெடக்கறாங்க. தொப்பிய மட்டும் வீட்ல வெச்சுட்டு வாங்க, போதுமுங்க."

என் கணவர் லேசாகச் சிரித்தார். "தொப்பி இல்லன்னா மூக்க சொறிவேன். அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபுடிப்பாங்க. எந்திரிச்சா ஒண்ணு, உக்காந்தா ஒண்ணு. நான் ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு வாயக் கட்டிக்கினு உக்காந்தேன் தம்பி. வாயக் கட்டினா போதும்னு நெனச்சேன். அவங்க கண்ணு என்கிட்டயே இருக்குன்னு எனக்குத் தெரியல. நேத்துதான் தெரிஞ்சுது."

"இப்ப நீங்க வராம இருந்தா, வேணும்னே பண்ணிட்டு ஓடிட்டார்னு பேசுவாங்க சார்."

"பேசட்டும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. காபி டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சிந்தியது. "என்ன பேசட்டும்? இத்தனை வருஷம் சேத்த பேரு ஒரே நாள்ல போறதா? போங்க. தலைய நிமித்திக்கிட்டுப் போய் அதே நாற்காலியில உக்காருங்க. நீங்க தப்பு பண்ணலன்னு அவங்க கண்ணால பாக்கட்டும். இப்ப வீட்ல உக்காந்தீங்கன்னா செயலாளர் சொன்னது நெஜமாயிடும்."

அவர் சிந்திய காபியைத் துணியால் துடைத்தார். பிறகுதான் பேசினார். "அன்னைக்கு மரியாதைக்காகப் போகச் சொன்ன. இன்னைக்கு மரியாதைக்காக இருக்கச் சொல்ற. ரெண்டு தடவையும் என் மரியாதையப் பத்தித்தான் பேசற. டீமைப் பத்தி யாரு பேசறது?"

வகுப்பில் பின்வரிசைக்காரன் சரியான விடையைச் சொன்னால் டீச்சருக்கு ஒரு கணம் கோபம்தான் முதலில் வரும். எனக்கும் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது சரி என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அவர் புதியவரிடம் திரும்பினார். "நீக்கினப்போ எனக்கு வருத்தம்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனா கூடவே இருந்தது பசங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன். நல்லது இல்ல. ஒரே உறையில ரெண்டு கத்தி நிக்காது. நான் ஒதுங்கி உக்காந்ததே ஒதுங்கினதா ஆகல. நீ கத்தினா அவங்க உன்னத்தான் பாக்கணும். நான் வேலியோரம் இருக்கற வரைக்கும் பாதிக் கண்ணு இங்கதான் இருக்கும். போ தம்பி. ஆட்டத்தப் பாரு."

புதியவர் எழுந்து நின்று கைகூப்பினார். வாசல்வரை போனவரை இவர் கூப்பிட்டு, "ரயில் போகும்போது கத்தாத, வீண். கோட்டோரமா ஓடு. ஓடறவனப் பாப்பாங்க," என்றார். மூத்த ஆலோசகர் யாரும் கேட்காமல் சொன்ன ஒரே ஆலோசனை அதுதான்.

கடைசி ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் அவர் ஸ்கூட்டரைக் கழுவினார். கழுவிய ஸ்கூட்டரை மறுபடியும் கழுவினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீ போய்ப் பாத்துட்டு வா," என்றார்.

"எனக்கென்ன தெரியும் ஆட்டம்?"

"ஆட்டம் பாக்க வேணாம். பசங்க எங்க பாக்கறாங்கன்னு பாரு."

அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. நான் போனேன். கேட்டருகே நாற்காலி இல்லை, யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் உட்காரும் இடத்திலேயே நின்றேன். செயலாளர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. பந்து வெளியே போகும்போதெல்லாம் நால்வரில் ஒருவனாவது இந்தப் பக்கம் திரும்பினான். ரயில் ஒன்று தடதடவென்று போனது. எதிர்ப் பக்கம் புதியவர் வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நால்வரும் ஒருசேரக் கேட்டைப் பார்த்தார்கள். அங்கே நான் நின்றேன். தோளிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூட எனக்குப் பயமாக இருந்தது. கேப்டனின் கண் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால், இரண்டு பக்கமும் தேடியது. தாயைக் கூட்டத்தில் தொலைத்த பிள்ளை தேடுமே, அப்படி. அவர் கோச்சாக நின்றபோது எப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போதெல்லாம் நான் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. இத்தனை வருஷம் அவர் என்னவாக இருந்தார் என்பதை அந்தத் தேடலில்தான் பார்த்தேன்.

இடைவேளையில் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன். டீக்கடை வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கேட்டருகே இப்போது யாருமில்லை.

இரண்டாம் பாதியில் புதியவர் கத்துவதை விட்டுவிட்டார். கோட்டோரமாக மேலும் கீழும் ஓடினார். அவர் ஓடும் பக்கம் நால்வரும் ஓடினார்கள், அவர் நின்ற இடத்தில் நின்றார்கள். இன்னொரு ரயில் போனது. நான் கேப்டனையே பார்த்தேன். அவன் புதியவரைப் பார்த்தான், கையை உயர்த்தினான், மற்றவர்களை இழுத்துக்கொண்டு ஏறினான். கேட்டுப் பக்கம் அவன் தலை அசையக்கூட இல்லை.

கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. இறங்கவில்லை, தப்பித்தோம். ஆட்கள் புதியவரைத் தூக்கிக்கொண்டார்கள். மைதானமே குதித்தது. செயலாளர் அழுதுகொண்டிருந்தார். நான் யாரிடமும் பேசாமல் கிளம்பிவிட்டேன்.

வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன். என்ன சொல்வது? ஆட்டம் முழுக்க உங்களைத்தான் தேடினார்கள் என்று சொன்னால் அவர் மனம் குளிரும். ஆனால் அது பொய். எதற்காக அவர் தன் பேரையே கெட்டுப்போகவிட்டு வீட்டில் உட்கார்ந்தாரோ, அது நடக்கவில்லை என்றும் ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் அவர் நினைத்தது நடந்தது. ஆனால் அதைக் கேட்டுக்கொள்ள எந்த மனுஷனுக்குத் தெம்பு இருக்கும்? கணக்கில் இப்படி ஒன்று வந்தால் கேள்வியே தப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். மைதானத்துச் சத்தம் வீடுவரை கேட்டிருக்கும், முடிவு அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை பொறுத்திருந்தார்.

"முதல் பாதியில தேடினாங்க," என்றேன். "ரொம்பத் தேடினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் கேட்டுப் பக்கம் திரும்பல."

"யாரும்?"

"யாரும்."

"கேப்டன்?"

"அவனும்தான்."

அவர் தலையாட்டினார். "நல்லது," என்றார். "நல்லதுதான். அப்படித்தான் இருக்கணும்." மறுபடியும் தலையாட்டினார். பிறகு ஸ்கூட்டர் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கறிக்குழம்பைச் சூடு பண்ணித் தட்டு வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார், சோற்றில் கை வைத்தார், கை அங்கேயே நின்றுவிட்டது. அவர் அழுததை என் வாழ்நாளில் நான் பார்த்தது அன்றுதான். எதிரில் உட்கார்ந்து நானும் அழுதேன், சாப்பிடச் சொல்லவில்லை.